காரைக்காலில் ஒரு நாள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

பயணக் கட்டுரை என்றாலே நம் ஆண்டு மலரில் உதகமண்டலமும் கன்னியாகுமரியும்தான் இடம்பெறும். சென்ற ஆண்டு மலரில் மூன்றாமாண்டு அக்கா ஒருவர் மைசூர் அரண்மனையைப் பற்றி அழகாக எழுதியிருந்தார். நான் அவ்வளவு தொலைவு போனதில்லை. நான் எழுதப்போவது தஞ்சையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு பிரெஞ்சு நகரத்தைப் பற்றி. பாரிஸ் என்று எண்ணிவிட வேண்டாம், காரைக்கால்தான். அங்கே என் தாயும் தந்தையும் கடைத்தெரு சுற்றி, பொருள் வாங்கி, சாப்பிட்டுத் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட நானும் போயிருந்தேன், பை தூக்க.

பிரெஞ்சு நகரம் என்று நான் சொல்வதில் மிகை இல்லை. தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக் கும்பினியார் காரைக்காலைப் பெற்றார்கள். நடுவில் சில முறை ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பியது. நம் ஊர்களெல்லாம் 1947-இல் விடுதலை கொண்டாடியபோது, பேரளத்துக்குக் கிழக்கே சில மைல் தள்ளிப் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஒப்பினார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்டு 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அங்கே 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் சொல்கிறார்கள். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை 'சொல்தா' என்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஜூலை 14-ஐக் கொண்டாடுகின்றன.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்ட காரைக்கால். எங்கள் கிராமத்துக்குத் தெரிந்த காரைக்கால் வேறு.

எங்கள் ஊர் நன்னிலம் வட்டத்தில் பேரளத்துக்குப் பக்கம். எங்களூரில் ஓர் ஆண்பிள்ளை "காரைக்கால் போயிட்டு வரேன்" என்று சொன்னால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் அரசே கடை நடத்துகிறது. எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும் காரைக்காலில் கடை திறந்தே இருந்தது, விலையும் குறைவாக இருந்தது. நமக்கு இங்கே தடை செய்யப்பட்ட சாராயமும் கள்ளும் அங்கே உரிமம் பெற்ற கடையில் விற்கின்றன. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் வரி குறைவென்று பாத்திரம் பண்டம் வாங்கப் போனவர்களும் உண்டு. பெட்ரோலுக்காக இன்றும் போகிறார்கள். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் 'காரைக்கால்' என்ற சொல்லை உச்சரிக்கும் விதத்தில் பெட்ரோல் வாசனை வராது.

என் தந்தை இருபது ஆண்டுகள் காரைக்கால் போய் வந்தவர்.

இதை மலரில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ளதத்தான எழுதப் போற, எழுது" என்றார். ஆகவே எழுதுகிறேன். எங்களுக்குச் சொந்த நிலம் மூன்று மா. மற்ற நாளில் அப்பா கூலிக்குப் போவார். அறுப்புக் கூலி, நடவுக் கூலி, நெல் போட்ட பணம் எல்லாம் கிழக்கே போகும். அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த பித்தளை அண்டா ஒன்று இருந்தது. ஓர் ஐப்பசி மாதம், வேலை இல்லாத நாளில், அது சைக்கிளில் ஏறிக் காரைக்கால் போயிற்று. திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது. அண்டா இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் கிடந்தது, அதன் மேல் அம்மா உரலை உருட்டி வைத்தாள்.

முதலாண்டில் ஆய்வகத்தில் எத்தனாலுக்கு அயோடோஃபார்ம் சோதனை செய்தோம். புட்டியைத் திறந்தவுடன் தோழிகள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கோ அது எங்கள் வீட்டுத் திண்ணை வாசனை.

நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய பங்குனியில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. அரசு மருத்துவமனையில் பதினெட்டு நாள் கிடந்தார். வந்தபின் குடிக்கவில்லை. நடுவில் ஒரு முறை, தீபாவளிக்கு மறுநாள், தவறினார். அதன்பின் இல்லை. எப்படி விட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் "விட்டுட்டேன்" என்பதற்கு மேல் அவரிடம் பதில் கிடையாது.

இந்த ஆண்டு சம்பா நல்லபடியாகக் கண்டது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, சிப்பக் கணக்குப்படி பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்த வாரம் நான் விடுதியிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். இரவு சாப்பாட்டின்போது அம்மா, யாரையும் பார்க்காமல், "எனக்கு அந்தக் காரைக்காலை ஒரு தடவ பாக்கணும்" என்றாள்.

அவள் திருநள்ளாறு வரை போயிருக்கிறாள், நான்கு முறை. நள தீர்த்தத்தில் முழுகி, சனீசுவரனுக்கு எள் விளக்குப் போட்டிருக்கிறாள். யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து காரைக்கால் ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டரை அவள் ஒருநாளும் தாண்டவில்லை. அப்பா குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அங்க என்ன இருக்கு பாக்க?" என்றார். "அதத்தான் பாக்கணும்" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு காலை கிளம்பினோம். பேரளத்தில் பேருந்து மாறினோம். 1898-இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர் கேஜ் ரயில் விட்டார்கள். அப்பா சிறுவனாக அதில் போயிருக்கிறார். பின்னால் அது நின்றுபோய், தண்டவாளமும் போய், இப்போது அகலப் பாதையாக மறுபடி போட்டிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக அதைக் காட்டி அப்பா வெகு உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். அம்பகரத்தூர் எல்லை வந்ததும் பேச்சு நின்றது. எல்லையைத் தாண்டியதுமே சாலையோரம் வண்ண வண்ணமாக மதுக்கடைப் பலகைகள். அம்மா ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்.

முதலில் அம்மையார் கோயிலுக்குப் போனோம். கதை எல்லாருக்கும் தெரிந்தது. காரைக்கால் வணிகன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களைக் கடையிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறான். மனைவி புனிதவதி பசித்து வந்த சிவனடியாருக்கு ஒன்றைப் படைத்துவிடுகிறாள். கணவன் ஒன்றைத் தின்று, சுவையாக இருக்கிறதென்று மற்றதையும் கேட்க, அவள் இறைவனை வேண்ட, ஒரு கனி கையில் வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கவே அவன் விசாரிக்கிறான். உண்மை தெரிந்ததும் அஞ்சி, கப்பலேறிப் போய்விடுகிறான். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி இங்கே மாங்கனித் திருவிழா நடக்கும். பிச்சாண்டவர் வீதி வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், கூட்டம் தாவிப் பிடிக்கும். நாங்கள் போனது பங்குனி மாதம், ஆகவே கூட்டமில்லை. சந்நிதியில் நின்று நான் இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடியிருப்பதை அம்மாவுக்குச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பழம் அனுப்புனான், சரி. ரெண்டையும் அவனேதான் தின்னணும்னு நெனச்சான் பாரு. நீ ஒண்ணு தின்னியான்னு அவளக் கேக்கவேயில்லயே."

நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு இந்தக் கேள்வி அதுவரை தோன்றியதேயில்லை. அப்பா திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஞாயிற்றுச் சந்தைக்கு வழி கேட்டேன். அப்பாவுக்கு ஊர் முழுதும் தெரியும். ஆனால் வழி சொல்லத் தெரியவில்லை. "அந்த..." என்று தொடங்குவார், நிறுத்துவார். "அதுக்கு எதித்தாப்ல..." என்பார், மறுபடி நிறுத்துவார். "வா, நேராப் போனா வந்துரும்" என்று முடிப்பார். இரண்டு தெரு கடந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரிந்த அடையாளங்கள் எல்லாமே சாராயக்கடைகள். அம்மாவுக்கு எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். ஒரு முனையில் நின்று, "இங்கதானா?" என்றாள். தகரக் கூரை, பச்சை வண்ணமடித்த கதவு, வாசலில் அவித்த முட்டை விற்கும் ஒரு கிழவி. அப்பா தலையசைத்தார். அம்மா அந்த இடத்தை நன்றாகப் பார்த்தாள், பெண் வீடு பார்க்கப் போனவர்கள் பார்ப்பதுபோல், கூரை, தரை, எல்லாம். பிறகு, "இம்புட்டுதானா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சந்தையில் அவளை நாங்கள் பிடிக்கவே முடியவில்லை. எங்கள் வீட்டில் உப்பு, புளி முதற்கொண்டு வாங்குவது அப்பாவாகவோ தெருவில் வரும் சைக்கிள்காரராகவோ இருக்கும். இத்தனை கடை ஓரிடத்தில் கண்டதும் அம்மாவுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. கீரைக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள், கத்தரிக்காயின் காம்பை முகர்ந்தாள், நைலான் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். கருவாட்டுக் கடையில் உட்கார்ந்தே விட்டாள். விற்றவர் காரைக்கால்மேட்டு மீனவப் பெண்மணி. நெத்திலியை வாயில் போட்டு, "உப்பு தூக்கலா இருக்கே, நீரு கோத்துக்கும்" என்றாள் அம்மா. "ஒன் வீட்ல வெயிலே அடிக்காதா? ஒரு நாள் காய வையி" என்றார் அவர். பேரம் கால்மணி நேரம் நடந்தது. கடைசியில் அம்மா கேட்ட விலைக்கு அரைக்கிலோ நெத்திலியும், கொசுறாக ஒரு வாளைத் துண்டும் கிடைத்தன. பேரம் முடிந்தபின் இருவரும் எத்தனை பிள்ளை என்று விசாரித்துக்கொண்டார்கள். அப்பா பக்கத்தில் பையைப் பிரித்துப் பிடித்தபடி நின்றார். அவர் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்.

அங்கேதான் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் வந்தார். கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார், கண் சிவந்திருந்தது. "என்ன மாமா, ஆளயே காணும்! செத்துட்டன்னுல சொன்னானுவ, வா வா" என்று தோளில் கை போட்டார். அம்மா கருவாட்டுப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "இது எம் பொண்டாட்டி. இது எம் பொண்ணு, தஞ்சாவூர்ல பி.எஸ்சி. படிக்குது" என்றார். அந்த மனிதர் எங்களைப் பார்த்தார். சட்டென்று மடித்த கைலியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார். "நல்லாப் படி ஆயி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடை. வாழையிலை போட்டு, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பாடு. வெள்ளைக்காரன் ஊர்ச் சமையல் எப்படியிருக்குமோ என்று அம்மா பயந்திருந்தாள். சங்கரா மீன் குழம்பை ஒரு வாய் வைத்ததும், "தேங்கா அரைச்சு ஊத்திருக்கான், புளி பத்தல, ஆனா மீனு நேத்துப் புடிச்சது" என்று தீர்ப்புச் சொன்னாள். அப்பா இலையில் கைவைத்தவர், அப்படியே சற்று நேரம் இருந்தார். பிறகு சொன்னார்: "இருவது வருசமா வரேன். இந்த ஊர்ல நான் சோறு தின்னதே இல்ல."

அம்மா தன் இலையிலிருந்த வறுத்த மீனை எடுத்து அவர் இலையில் வைத்தாள். அவர் அதைப் பிட்டுப் பாதியைத் திருப்பி வைத்தார். பரமதத்தன் நினைவுக்கு வந்தானோ என்னவோ, நான் கேட்கவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ஒரு பாத்திரக்கடை, ஞாயிறானாலும் திறந்திருந்தது. அப்பாதான் முதலில் உள்ளே போனார். "அண்டா காட்டுங்க, பித்தளையில" என்றார். அம்மா அப்படியே வாசலில் நின்றுவிட்டாள். கடைக்காரர் நான்கைந்து அண்டாக்களை இறக்கினார். அம்மா மெதுவாக வந்து ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் கேட்டாள், விளிம்பைத் தடவினாள். ஒன்றைத் தராசில் வைக்கச் சொன்னாள். எடை பார்த்தாள், விலை கேட்டாள். பிறகு, "இதுல வெந்நி போட இப்ப யாரு இருக்கா? வெறகுக்கு எங்க போறது? வேணாம், உள்ள வைங்க" என்றாள். அப்பா, "பணம் இருக்குல்ல" என்றார். "இருக்கு. வேணாம்" என்றாள். அதில் கோபமில்லை. எனக்குக் கோபமென்றால் தெரியும்.

அண்டாவுக்குப் பதில் அவள் எடுத்தது ஒரு பித்தளைச் சொம்பு. கையடக்கம், அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். கடைக்காரர் நோட்டை எடுத்து, "பேரு வெட்டணுமா? வெட்டுற ஆளு சாப்புடப் போயிருக்காரு, சாயங்காலம் வாங்கிக்கங்க. என்ன பேரு?" என்றார். அம்மா என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பா ஒரு பெயரைச் சொன்னார்.

அம்மாவின் பெயர் அது. என் இருபது வயதில் அப்பா வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. 'இந்தா' என்பார், 'பாப்பா அம்மா' என்பார். ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையை நீட்டுவார். கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியுமா? "இனிஷியல் என்ன போட?" என்று எழுதிக்கொண்டே கேட்டார். "அதெல்லாம் வேணாம், பேரு மட்டும் போடுங்க" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் அதிகம் என்றாள். முன்னூறு ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெயில் தாழக் கடற்கரைக்குப் போனோம். கும்பகோணத்தை ஒட்டி ஓடிவரும் அரசலாறு கடலில் கலக்கும் இடம். ஆற்றில் விசைப்படகுகள் வரிசையாக நின்றன. நம் வயலுக்குப் பாயும் வாய்க்காலும் இந்த ஆறும் ஒரே காவிரிதான், மிச்சத் தண்ணீர் இங்கேதான் வந்து சேர்கிறது என்று நான் விளக்கினேன். "இங்க இவ்ளோ தண்ணி வச்சுக்கிட்டுத்தான் கடமடைக்கு வரலங்குறானுவளா?" என்று அம்மா கேட்டாள். அது கடல் ஏற்றத்தில் உள்ளே புகுந்த உப்புத் தண்ணீர் என்றேன். ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, துப்பிய பிறகே நம்பினாள்.

ஆறு மணிக்குப் பேருந்து நிலையம் வந்தோம். சொம்பு வாங்க வேண்டும். எனக்குக் கால் வலி, அம்மாவுக்கும் வலி. "நீங்க போயி வாங்கியாங்க" என்று அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து, ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். காரைக்காலில், விளக்கு வைக்கும் நேரத்தில், தனியாக. நான் உடனே, "நானும் வரேன்பா" என்று எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கடை பத்து நிமிட நடைதான். போய்வர இருபது, அங்கே ஒரு பத்து என்று நான் கணக்குப் போட்டேன். அரை மணி ஆயிற்று. பேரளம் பேருந்து வந்து நின்றது, நடத்துநர் கூவி அழைத்தார், போய்விட்டது. தெருமுனையில் மதுக்கடை விளக்குப் பலகை எரியத் தொடங்கியது. அம்மா நெத்திலிப் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த தூசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். முக்கால் மணி ஆயிற்று. இன்னொரு பேருந்து வந்தது, போயிற்று. "அம்மா" என்றேன். "சும்மா இரு" என்றாள்.

எதிர்ச்சாரியில் அப்பா வந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. ஒரு கையில் காகிதம் சுற்றிய சொம்பு, மறு கையில் ரொட்டிக்கடைப் பை. "பேரு வெட்டுறவன் அப்பதான் வந்தான். எதுத்தாப்லயே உக்காந்து வெட்ட வச்சு வாங்கிட்டு வரேன்" என்றார். பையில் மூன்று பன். கிட்டே வந்து நின்று பேசினார், வழக்கத்தைவிடக் கிட்டே, மூச்சு எங்கள் மேல் படும்படி.

அம்மா காகிதத்தைப் பிரித்தாள். சொம்பின் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக நான்கு எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரல் வைத்து மெல்லப் படித்தாள். "கடசி எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கு" என்றாள். அப்பா, "நானும் சொன்னேன், கேக்கல அவன்" என்றார். அம்மா கையை நீட்டினாள். மீதிப் பணத்தை அவர் வைத்தார். அவள் தாளையும் சில்லறையையும் விளக்குக் கம்பத்தின் அடியில் போய் எண்ணினாள். மறுபடி ஒரு முறை எண்ணினாள். சுருக்குப்பையில் போட்டு முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பன்னு எவ்வளவு சொன்னான்?" என்று கேட்டாள்.